வலது கன்னத்துச் சவரம்

கல்யாணமாகி நான் வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் சவரச் சாமான் என்று எதுவும் இருந்ததில்லை. என் கணவர் முத்துலிங்கம் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் பிலிமத்தலாவைச் சந்தியில் செல்லச்சாமியின் சலூன் கதிரையில் போய்ச் சாய்வார். அங்கிருந்து மழமழவென்ற கன்னத்தோடு கண்டி பஸ்ஸில் ஏறுவார். புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற உத்தியோகம். "பொம்பளைங்க சேலையப் பாக்குறதுக்கு முன்னாடி நம்ம மூஞ்சியத்தான் பாக்குறாங்க" என்பார். அதில் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். போனால் போகிறது என்று விட்டுவிடுவேன்.

பிறகு பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்தன, வாயின் வலது மூலையும் கீழே இறங்கிவிட்டது. கால் ஊன்றி நடக்கிற ஒரு பொல்லின் உதவியோடு திரும்பி வந்தது. கை வரவில்லை, வாயும் வரவில்லை. தாடி மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது.

செல்லச்சாமி தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். காரணம் கேட்டேன். "நாளைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி குந்துறவன் எல்லாம் என் வாயப் பத்தித்தான் பேசுவான்" என்றார். ஊர்க்கதை முழுவதும் அந்தச் சலூனில்தான் வேகிறது என்பது எனக்கும் தெரியும். அதனால் மேலே பேசவில்லை.

பேசாமல் இருக்க முடியாத நிலைமை மகள் சீதாவின் கல்யாணத்தோடு வந்தது. வெள்ளிக்கிழமை காலை, ரோகிணி நட்சத்திரத்தில் முகூர்த்தம். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகு இவர் ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"தாரைக்கு அண்ணன் இருக்கட்டும்."

அண்ணன் என்றால் என் மூத்தார் பெரியதம்பி. தாரை வார்ப்பது என்றால் தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் அதன்மேல் தண்ணீர் விட வேண்டும். மணையில் மூத்தார் உட்கார்ந்தால் பக்கத்தில் அவர் மனைவி அன்னலட்சுமிதான் உட்காருவாள். அவள் கையால்தான் தண்ணீர் விழும். சீதாவைப் பெற்றவள் நான், கூட்டத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், நீங்க எங்க போயிட்டீங்க?"

"தாடியோட மணையில இருந்தா எழவு வீட்டுக்காரன் மாதிரி இருக்கும். தாடிய எடுத்தா வாய் தெரியும். ரெண்டும் வேணாம்."

"தாடிய எடுப்போம்."

"யாரும் என்னைத் தொடக் கூடாது."

"நானே எடுக்குறேன்."

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பழகிக்கிறேன்."

மாநகர சபையில் வரி கவுண்டரில் உட்காருகிறவள் நான். ஆங்காரம் பிடித்தவள் என்று அலுவலகத்தில் பெயர். இருக்கட்டும். அன்றைக்கு அந்த ஆங்காரம் எனக்குக் கைகொடுத்தது.

முதல் நாள் முயற்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மூலைக் கடையில் மஞ்சள் பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கி, குளிக்கிற சந்தன சோப்பைக் கன்னத்தில் தேய்த்து, தாடியில் வைத்து இழுத்தேன். ரேசர் இரண்டு இழுப்பிலேயே அடைத்துக்கொண்டது. இவர் "ஐயோ" என்று கத்திய சத்தத்துக்குச் சீதா ஓடி வந்தாள். வந்தவள் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் ஒருவன் முதலில் கத்தரிக்கோலால் தாடியைக் கட்டையாக வெட்டினான், வெந்நீர்த் துணியை ஒற்றினான், கோப்பையில் பிரஷ்ஷைச் சுழற்றி நுரை எழுப்பினான். பழைய காலத்து, தலையைத் திருகித் திறக்கிற ரேசரில் ஒற்றை பிளேடைப் போட்டு, முடி வளர்ந்த பக்கமாகவே மெதுவாக இறக்கினான். இத்தனை சடங்கு இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் மத்தியான இடைவேளையில் கண்டிக் கடைத்தெருவில் இறங்கினேன். பெரிய கடை ஒன்றில் நின்ற பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "சாருக்கா மேடம்? அப்ப சாரையே வரச் சொல்லுங்க" என்றான். சார் வருகிற நிலையில் இருந்தால் நான் ஏனப்பா இங்கே நிற்கிறேன்? திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

குறுக்குத் தெருவில் பாயிஸாவின் கடை. வளையல், நூல், சீப்பு, கண்ணாடி என்று எல்லாம் கிடைக்கும். வாப்பா நடத்திய கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வருசா வருசம் வரி கட்ட என் கவுண்டருக்கு வந்து பழக்கம். விசயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டாள். அதற்காகவே அவளிடம் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நானும் இதெல்லாம் மொகத்துல போட்டதில்ல அக்கா, ஒங்களப் போலத்தான். ஆனா வாங்கிட்டுப் போறவங்க திரும்பி வந்து ஏசுவாங்க இல்லியா, அதக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரியும்" என்று கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள்.

முதலில் பிரஷ். இரண்டு வகைதான் இருந்தது. பெரிய கடையில் வேறு ஒன்று பார்த்தேனே என்றேன். "அது பண்டி முடி. நாங்க விக்கிறல்ல. இது குதிர முடி, இது நைலான்." அவள் பண்டி என்றது பன்றியை. இரண்டையும் என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். குதிரை முடி நன்றாகத்தான் நின்றது, ஆனால் நுனி குத்தியது. இவருக்கு இடது கன்னத்தில் குத்தினால் என்னை ஏசுவார். வலது கன்னத்தில் குத்தினால் அவருக்குத் தெரியவே தெரியாது. மெத்தென்று இருந்த நைலானை எடுத்து வைத்தேன்.

அடுத்தது சோப்பு. வட்டக் கட்டியாக ஒன்று, குழாயில் அடைத்த களிம்பு ஒன்று. "நான் புதுசு. மெதுவாத்தான் செய்வேன். அதுவரைக்கும் நுரை காயாம நிக்கணும்" என்றேன். பாயிஸா கொஞ்சம் யோசித்து, ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்தாள். கட்டியை நுரைத்து என் கையில் தடவினாள், களிம்பை நுரைத்துத் தன் கையில் தடவிக்கொண்டாள். எது முதலில் காய்கிறது என்று பார்த்தபடி இரண்டு பேரும் அவளுடைய மருமகளைப் பற்றிப் பேசினோம். நூல் வாங்க வந்த ஒரு மனிதர் எங்கள் இருவரின் முழங்கை வரை நுரையைப் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார். களிம்பு வெடித்துக் காய்ந்தது. கட்டி சோப்பு அப்படியே ஈரமாக நின்றது.

பிளேடு எடுக்கும்போதுதான் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வந்தது.

"புதுசாப் பழகுறவங்க எல்லாரும் கூர் கொறஞ்சதத்தான் கேப்பாங்க அக்கா. அதுதான் பயமில்ல."

"அரிவாமனையில காய் நறுக்குறீங்களா இல்லியா? கூர் மழுங்கினப்பதானே வெரல் வெட்டுப்படுது? கூரா இருந்தா கை தானா மெதுவாப் போகும். மழுங்கலா இருந்தாத்தான் போட்டு அழுத்துவோம்."

அவள் இருப்பதிலேயே கூரான பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். ரேசரில் தலை கனத்து, கைப்பிடி நீண்டிருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். என் முகத்துக்கு நான் பிடிக்கப் போவதில்லை, அடுத்தவர் முகத்துக்கு எட்டிப் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சுற்றிக் கட்டும்போது பாயிஸா சின்னதாக ஒரு படிகாரக் கட்டியை எடுத்து மேலே வைத்தாள். "இதையும் கொண்டு போங்க."

"அதுவா? எங்க வீட்டு வாசல்லயே பெரிசாத் தொங்குதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாண வீட்டுக்குக் கண்ணூறு படாமல் இருக்கத்தான் தருகிறாள் என்று நினைத்தேன். படிகாரத்துக்கு எங்கள் வீட்டில் வேறு என்ன வேலை?

அன்று வழியில் மார்க்கட்டில் ஒரு பிஞ்சு நீத்துப்பூசணிக்காய் வாங்கினேன். பிஞ்சில் அதன் மேலெல்லாம் சுணை சுணையாக முடி இருக்கும், தொட்டால் குத்தும். அதைக் குசினி மேசையில் வைத்து, வெந்நீர்த் துணி ஒற்றி, நுரை பூசி, மேலிருந்து கீழாக ரேசரை இறக்கினேன். முதல் இழுப்பில் பூசணியின் தோல் சீவிக்கொண்டு வந்தது. அழுத்தாதே பாலாம்பிகை, ரேசரின் கனமே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் காய் மொட்டைத்தலை மாதிரி பளபளத்தது. கழுவிக் கறி வைத்தேன். சீதா மட்டும் சோப்பு வாசம் வருகிறது என்று மூக்கைச் சுளித்தாள். இவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை இவர் முகத்தில் கத்தி வைக்க விடமாட்டார், வெள்ளியும் அப்படித்தான். விளக்கு வைத்த பிறகும் கூடாது, தன் நட்சத்திர நாளிலும் கூடாது. ஆகவே புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் முற்றத்தில் கதிரையைப் போட்டேன். தாடியைக் கத்தரித்து, துணி ஒற்றி, நுரை பூசினேன். இடது பக்கம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இடது கன்னம் முழுவதும், தாடைக்குக் கீழும் முடிந்தது. "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது பெரிய பரிசு.

வலது பக்கத்தில் சிக்கல். வீடியோவில் கன்னத்தை உப்பச் சொல்லித்தான் மழிக்கிறான். இவரும் உப்பினார். காற்று வாயின் மூலை வழியாக ஒழுகிப் போனது. கன்னம் தொளதொளவென்று மடிந்தே கிடந்தது. நான் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாய் மூலைக்கு வந்தேன். வழுக்கிவிட்டது.

சின்ன வெட்டுத்தான். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் அவர் தினமும் மாத்திரை போடுகிறார், அது எனக்கு அந்த நேரத்தில் மறந்து போயிருந்தது. நுரை சிவப்பாகி, கழுத்தில் இறங்கி, பனியன் வரை வந்தது. துணியை வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் வலிக்கவும் இல்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தார். பாயிஸா நீட்டிய கட்டி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சலூன் தட்டில் வெள்ளையாக ஒன்று எப்போதும் கிடக்குமே! வாசலுக்கு ஓடி, நிலைக்கு மேலே சிவப்புத் துணியில் தொங்கிய படிகாரத்தைப் பிய்த்து எடுத்து, கழுவி, நனைத்து, வெட்டில் வைத்து அழுத்தினேன். மெல்ல மெல்ல நின்றது.

நல்ல நேரம் பார்த்து மூத்தாரும் அன்னலட்சுமியும் அப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். வெறுமையாக இருந்த வாசல் நிலையையும் என் கையில் இருந்த கல்லையும் பார்த்த அன்னலட்சுமி நெஞ்சில் கைவைத்தாள்.

"அடிப் பாவி, கல்யாண வீட்டுல கண்ணூறு கட்டினத யாராச்சும் அவுப்பாங்களா?"

"கண்ணூறு வாசல்ல படல அக்கா. இங்கதான் பட்டிருக்கு."

ஒரு பக்கம் மழித்து, மறு பக்கம் தாடியும் இரத்தமுமாக இவர் கதிரையில் இருந்த கோலத்தை மூத்தார் பார்த்தார். நல்ல மனிதர், குத்திப் பேசத் தெரியாதவர். "நாளைக்கு ஒன் நட்சத்திரம், நாளான்னைக்கு வெள்ளி. இனி நாளில்லையே தம்பி. நாங்களே மணையில இருந்துர்றோம். நீ வீட்டுல நிம்மதியா இரு" என்றார். இவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, பொல்லை ஊன்றி, உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிரஷ்ஷைக் கழுவிக் காயப் போட்டபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. நாளைக்குத் தேவைப்படும் என்றுதான் அதைக் கழுவினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"படிங்க."

"என்னத்த?"

"ஒங்க நட்சத்திரம் ரோகிணி எப்ப பொறக்குதுன்னு."

கண்ணைச் சுருக்கிப் படித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் ரோகிணி. அதுவரைக்கும் கார்த்திகை. "அப்ப இப்ப ஒங்க நட்சத்திரம் இல்ல. செவ்வாயும் இல்ல, வெள்ளியும் இல்ல, வெளக்கும் வைக்கல. வேற என்ன சாக்கு வச்சிருக்கீங்க?"

"கார்த்திகையிலயும்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நேற்றைய வெட்டைத் தடவிக்கொண்டு, "மறுபடியும் வெட்டினீன்னா?" என்று கேட்டார்.

"படிகாரம் இருக்கு."

முற்றத்தில் இன்னும் பனி இருந்தது. துணியை நன்றாகச் சூடாக ஒற்றினேன். நுரை பூசினேன். கன்னம் முந்தின நாள் போலவே மடிந்து தொங்கியது. எனக்கு இரண்டு கைதான், இழுத்துப் பிடிக்க ஒன்று, ரேசருக்கு ஒன்று. முகத்தை அசையாமல் நிறுத்த மூன்றாவது கை இல்லை. நேற்று வழுக்கியது அதனால்தான்.

"இடது கையக் குடுங்க" என்றேன். "தலைக்கு மேலால கொண்டாந்து, காதுகிட்ட தோலப் புடிச்சு மேல இழுங்க. நீங்களேதான் புடிக்கணும். ஒங்க மொகம், எவ்வளவு இழுக்கணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

தயங்கினார். பிறகு இடது கையைத் தூக்கி, தலையைச் சுற்றி, வலது காதோரம் பிடித்து மேலே இழுத்தார். கன்னம் விறைத்தது. அதோடு வாயின் மூலையும் மேலே போனது.

நான் ரேசரை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் பழைய முத்துலிங்கம் உட்கார்ந்திருந்தார். சேலையை விரித்து எறிகிற, கடைக்கு வருகிறவளை எல்லாம் 'அக்கா, ஒங்க கலருக்கு இது' என்று ஏமாற்றுகிற அதே முகம். சின்னக் கண்ணாடியை எடுத்து அவருக்குக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணிலிருந்து இறங்கியது நுரையில் ஒரு கோடு போட்டது.

"அசையாதீங்க" என்றேன். என் குரலும் சரியாக இல்லை.

அழுத்தாமல், கனத்தை மட்டும் விட்டு, காதிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து வாய் மூலைக்கு வந்தேன். நேற்றைய வெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு துளி இரத்தம் வரவில்லை. முடித்து, குளிர்ந்த நீரால் துடைத்து, படிகாரத்தைத் தடவினேன். அவர் தன் இரண்டு கன்னத்தையும் இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "செல்லச்சாமிக்கிட்ட சொல்லாத. பொழப்பப் போட்டுட்டு அழுவான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் பட்டு வேட்டியில் மண்டப வாசலில் வான் வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கும்போதே இடது கை வலது கன்னத்துக்குப் போய்விட்டது. பொல்லைச் சீதாவின் மாமன் வாங்கிக்கொண்டு தோள் கொடுத்தார். கையை எடுக்காமலே எல்லாருக்கும் தலையை ஆட்டினார், எடுக்காமலே மணையில் உட்கார்ந்தார். ஏதோ பலமான யோசனையில் இருக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். வாய் நேராக இருந்தது. போட்டோக்காரன் சந்தோசமாக எடுத்துத் தள்ளினான். சபையில் பாயிஸாவும் செல்லச்சாமியும் முன்வரிசையில் இருந்தார்கள். செல்லச்சாமி கழுத்தை நீட்டி நீட்டி இவர் தாடையையே பார்த்தார்.

ஐயர் தாரைக்கு அழைத்தார். மாப்பிள்ளை கையை நீட்டினான். மகள் தன் கையை அதன்மேல் நீட்டினாள். தகப்பன் இரண்டு கையாலும் அவள் கையைத் தாங்க வேண்டும். இவருடைய வலது கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் இடது கை வர வேண்டும்.

நான் செம்போடு காத்திருந்தேன். ஐயர் மறுபடியும் மந்திரத்தைத் தொடங்கினார். பின்னால் அன்னலட்சுமி, "சீதாவோட பெரியப்பாவ வரச் சொல்லவா பாலா?" என்று காதில் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அத்தனை பேருக்கும் முன்னால் வாய் கோணி இறங்கியது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மகளுடைய கைக்குக் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துத் தாங்கினார். சீதா "அப்பா" என்றாள்.

"ஊத்து பாலா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

நான் ஊற்றினேன்.